விறைப்பு எங்கே தொடங்கியது? புற நரம்புப் பாதிப்பின் வடிவங்களும் அவற்றைக் கண்டறியும் வழியும்

கால் விறைக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, விரல் மதமதக்கிறது என்று சொல்பவருக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வழமையாகக் கிடைக்கும் பதில் இரண்டு. ஒன்று, பார்மசியில் ‘நரம்புக் குளிசை’ என்று விற்கும் விற்றமின் பி கலவை. மற்றது, “உங்களுக்குச் சீனி இருக்குத்தானே, அதுதான்” என்ற முடிவு. இரண்டாவது பதில் அநேகமாகச் சரி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அடிக்கடி சரியாக இருக்கும் பதில் என்பதால், பொருந்தாத ஆளிடமும் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்த தொழுநோயாளியும், நான்கு நாளில் படியேற முடியாமல் போனவரும் அதே நரம்புக் குளிசையோடு வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

புற நரம்புப் பாதிப்பு என்பது தனி நோய் ஒன்றின் பெயர் அல்ல. முண்ணாணிலிருந்து வெளியே வந்து கை கால்களுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் ஓடும் நரம்புகள் ஏதோ ஒரு காரணத்தால் கெட்டிருக்கின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது. காரணங்கள் நூற்றுக்கு மேல் உண்டு. அத்தனைக்கும் இரத்தம் எடுத்துச் சோதிப்பது வீண். உடம்பில் எந்த இடத்தில் தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் பரவியது, நரம்பின் எந்த வகை இழை கெட்டிருக்கிறது என்ற மூன்றையும் பொருத்திப் பார்த்தாலே நீண்ட பட்டியல் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். சோதனைகள் அதற்குப் பிறகு.

இழைகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்த தடித்த இழைகள் அதிர்வையும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வையும், தசைக்கான கட்டளையையும், நாணைத் தட்டினால் தசை தானாகத் துள்ளும் தெறிவினையையும் சுமக்கின்றன. மெல்லிய இழைகள் வலி, சூடு, குளிர் ஆகியவற்றைச் சுமப்பதோடு வியர்வை, இதயத் துடிப்பு, குடல் அசைவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் கவனிக்கின்றன. தடித்தவை கெட்டால், பஞ்சில் நடப்பது போல் இருக்கிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை, கிணற்றடியில் கண்ணை மூடி முகம் கழுவும்போது சாய்கிறேன் என்பார்கள். மெல்லியவை கெட்டால், எரிகிறது, ஊசி குத்துகிறது, இரவில் போர்வை பட்டாலும் தாங்க முடியவில்லை என்பார்கள். நோயாளி சொல்லும் வார்த்தையிலேயே பாதி விடை இருப்பதால் அதை ‘விறைப்பு’ என்று ஒரே சொல்லில் சுருக்கி எழுதிக்கொள்வது நட்டம்.

நீளமான நரம்புகள் முதலில் கெடும் வடிவம்

மிகப் பரவலாகக் காணும் வடிவம் இது. கால்விரலுக்கு வரும் இழையின் உயிர்க்கலம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை சுமார் ஒரு மீற்றர் தூரம் புரதமும் சக்தியும் போய்ச் சேர வேண்டும். வழங்கல் குறைந்தால் வாய்க்காலின் கடைசி வயல் முதலில் காய்வது போல, மிக நீண்ட இழையின் நுனிதான் முதலில் சாகும். ஆகவே இரண்டு பெருவிரல்களிலும் ஒரே காலத்தில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மாதங்கள் வருடங்களாக மேலேறும். முழங்கால் அளவுக்கு வந்ததன் பிறகுதான் கைவிரல் நுனிகளில் தொடங்கும், ஏனெனில் நீளக் கணக்கில் அந்த இரண்டும் கிட்டத்தட்டச் சமம். காலுறையும் கையுறையும் போட்ட இடங்கள் மட்டும் மரத்துப்போன தோற்றம்.

நீரிழிவு, நீண்டகால மதுப்பழக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, விற்றமின் குறைபாடுகள், சில மருந்துகள் எல்லாம் இந்த ஒரே வடிவத்தையே தரும். இந்த ஒழுங்கு எங்கே குலைகிறது என்று பார்ப்பதுதான் வைத்தியரின் வேலை. கால் நன்றாக இருக்கக் கை முதலில் விறைத்தால், ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், உணர்ச்சி ஓரளவு இருக்கப் பலவீனம் முந்தினால், சில வாரங்களுக்குள் முழங்காலைத் தாண்டினால், சீனி வருத்தம் இருந்தாலும் இது சீனியால் வந்தது என்று முடிவு கட்டக்கூடாது.

பாதத்தைச் சோதிக்கும் முறை

10 கிராம் மோனோஃபிலமென்ட் என்பது கைபிடியில் பொருத்திய நைலோன் இழை. தோலில் செங்குத்தாக அழுத்தும்போது 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. முதலில் நோயாளியின் கையில் ஒரு தடவை தொட்டு, எதை உணர வேண்டும் என்று காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடி, அதன் கீழே பாதத்தின் முன்மேட்டில் முதலாம், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் அடி என்று ஒவ்வொரு காலிலும் நான்கு இடங்கள். இழை வளையும் வரை ஒன்றிரண்டு விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். வழுக்கிச் சென்றால் அந்தத் தடவையைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

பிழைகள் எளிதில் நேரும். வெறுங்காலோடு வயலிலும் மணலிலும் நடந்தவரின் காய்ப்பேறிய தோலில் அழுத்தினால் நல்ல நரம்பும் பதில் தராது, ஆகவே காய்ப்பைத் தவிர்த்து அதன் ஓரத்தில் தொட வேண்டும். “தெரியுதா? தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே அழுத்தினால் கேள்விக்குத்தான் பதில் வரும். பேசாமல் தொட்டு, சில தடவை தொடாமலும் விட்டு, தெரியும்போது சொல்லும்படி விட வேண்டும். நைலோன் களைத்துப்போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. அடுத்தடுத்து பத்துப் பேரளவில் சோதித்தால் அதற்கு ஒரு நாள் ஓய்வு தேவை, இல்லாவிட்டால் 10 கிராமுக்கு முன்பே வளையத் தொடங்கும். நமது பக்கத்து ஈரக்காற்றும் நைலோனின் விறைப்பை மாற்றும்.

128 ஹேட்ஸ் இசைக்கவையின் அடிப்பகுதியைப் பெருவிரல் நகத்துக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் நின்றுவிட்டது என்ற பிறகும் சோதிப்பவர் தன் பெருவிரலில் அதே கவையின் அதிர்வை 10 விநாடிக்கு மேல் உணர்ந்தால் அது குறைபாடு. உலோகம் தொட்ட குளிர்ச்சியையே அதிர்வு என்று சொல்பவர்கள் உண்டு. அதிராத கவையையும் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். குதிகால் நாண் தெறிவினையும் பார்க்க வேண்டும், ஆனால் அறுபதைத் தாண்டிய சிலருக்கு நோயில்லாமலே அது இருக்காது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. படுத்திருந்தவரை எழுப்பி நிறுத்தி 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைகிறதா என்று பார்ப்பது தானியங்கு நரம்புகளுக்கான எளிய சோதனை. பரபரப்பான கிளினிக்கில் முதலில் விடுபடுவது இதுதான்.

மோனோஃபிலமென்டை உணராத கால், காயத்தையும் உணராத கால். உகந்தைமலையிலிருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போக நினைப்பவரும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்க நேர்ந்தவரும் நீரிழிவு உள்ளவரானால், புறப்படும் முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. நேர்த்தியைத் தடுப்பது நோக்கமல்ல. கொப்புளம் வந்தது தெரியாமல் மூன்று நாள் நடந்த பாதம் புண்ணாகி, புண் எலும்புக்கு இறங்கி, விரல் எடுக்கும் நிலை வருவது இந்த வழியால்தான்.

சீனிக்கு அப்பால்

நீரிழிவு உறுதியாவதற்கு வெறுவயிற்றுக் குளுக்கோசு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். இவை எல்லைக்குள் இருந்தும் பாதம் எரிந்தால், குளுக்கோசு குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்கும் சோதனை சிலரைக் காட்டிக்கொடுக்கும். எதிர்த்திசையில் ஒரு பொறி உண்டு. நெடுங்காலம் கூடியிருந்த சீனியை மூன்று மாதத்துக்குள் எச்பிஏ1சி இரண்டு மூன்று புள்ளி இறங்கும்படி வேகமாகக் குறைத்தால், திடீரென்று கடும் எரிவு வரலாம். “மருந்து சரியாகப் போடத் தொடங்கிய பிறகுதான் கூடியது” என்று நோயாளி சொல்வது பொய் அல்ல. அதற்காக மருந்தை நிறுத்துவதும் தீர்வல்ல. பெரும்பாலும் மாதங்களில் அது தணியும்.

மெட்போமின் பல வருடங்கள் போடுபவருக்கு விற்றமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். சீனியால் வந்தது என்று நினைத்த விறைப்பில் ஒரு பங்கு அதைக் கட்டுப்படுத்தும் குளிசையால் வந்திருக்கலாம். இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் சேர்க்காத கடும் சைவ உணவுக்காரருக்கும், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் இதே ஆபத்து. பி12 குறைவில் புற நரம்போடு முண்ணாணின் பின்பகுதியும் கெடும். அதனால் குதிகால் தெறிவினை இல்லாமல், உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேலெழும் முரணான காட்சி கிடைக்கலாம். இந்த இரண்டும் ஒரே காலில் இருந்தால் பி12 அளவை அன்றே கேட்க வேண்டும். இரத்தத்தில் 200 பிக்கோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடைப்பட்டது சந்தேக வலயம், அங்கே மீதைல்மலோனிக் அமிலம் பார்த்தால் தெளியும். இரத்தசோகை இல்லையே என்று விட்டுவிடக்கூடாது, நரம்பு முந்திக்கொள்வது உண்டு. பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும், நரம்பு மேலும் கெடும்.

விற்றமின் பி6 இரு பக்கமும் வெட்டும். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவருக்கு அது குறைந்து நரம்பு கெடும், அதனால்தான் அந்தச் சிகிச்சையோடு பைரிடொக்சின் என்ற பி6 குளிசை சேர்க்கிறார்கள். அதே பி6ஐக் கூடிய அளவில் மாதக்கணக்காக விழுங்கினால் அதுவே நஞ்சாகி உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும். பார்மசிக் கலவையைக் கைநிறைய வாங்கிப் போடும் பழக்கம் இதனால் தீங்கற்றதல்ல. குளிசைப் பட்டையைக் கொண்டுவரச் சொல்லி அதில் எத்தனை மில்லிகிராம் என்று வாசிப்பது சோதனையின் ஒரு பகுதி.

சிறுநீரகம், தைரொயிட், கசிப்பு உட்பட்ட மதுவகை ஆகியவற்றையும் கேட்டும் சோதித்தும் விலக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குக் குருதிப் புரதப் பகுப்பாய்வும் தேவை, எலும்பு மச்சையிலிருந்து வரும் ஒற்றைவகைப் புரதம் நரம்பைக் கெடுப்பது அரிதல்ல.

ஒரே ஒரு நரம்பு

மருதமுனையில் தறி நெய்பவரோ கரைவலை இழுப்பவரோ கர்ப்பிணியோ, நள்ளிரவில் கை விறைத்து எழுந்து உதறினால் சுகம் என்றால், மணிக்கட்டுச் சுரங்கத்தில் நடு நரம்பு நெரிபடுகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதி அதன் எல்லை. சுண்டுவிரல் விறைக்கிறது என்றால் அது வேறு நரம்பு. மணிக்கட்டை மடித்து 60 விநாடி வைத்திருக்கச் செய்தால் விறைப்பு வருவது சோதனை. தைரொயிட் குறைவு, நீரிழிவு, மூட்டுவாதம் பின்னணியில் இருக்கலாம்.

முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே, குச்செலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் மணிக்கணக்கில் குந்தியிருந்துவிட்டு எழும்பும்போது பாதம் தூக்க முடியாமல் தொங்குவது அங்கே நெரிபட்டதால். அண்மையில் உடம்பு மெலிந்தவருக்கு இது எளிதில் வரும், கொழுப்பு மெத்தை குறைந்திருப்பதால். முதுகு வட்டு நெரிந்தும் பாதம் தொங்கும். பிரித்தறிய எளிய வழி, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்வது. அந்த அசைவு பலமாக இருந்தால் நெரிபட்டது முழங்காலடியில், அதுவும் தளர்ந்திருந்தால் முதுகில். இந்த ஒரு அசைவு தேவையற்ற எம்.ஆர்.ஐ. ஸ்கான் பலவற்றை மிச்சப்படுத்தும்.

தனித்தனியாகப் பல நரம்புகள்: தொழுநோயை நினைக்க வேண்டிய இடம்

இன்று வலது சுண்டுவிரல், சில மாதம் கழித்து இடது பாதம், பிறகு மற்றக் கை என்று ஒழுங்கில்லாமல் ஒவ்வொரு நரம்பாகக் கெடும் வடிவம் தனி. நாட்கள் வாரங்களில், கடும் வலியோடு, காய்ச்சலும் எடைக்குறைவுமாக வந்தால் இரத்தக் குழாய் அழற்சியை நினைத்து அவசரமாக, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். இரத்தச் சோதனை தொட்டு நரம்புத் திசு எடுப்பது வரை போக வேண்டும். வலி குறைவாக, மாதங்கள் வருடங்களாக மெல்ல நகர்ந்தால் இந்தப் பகுதியில் முதலில் நினைக்க வேண்டியது தொழுநோய்.

1995இல் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற தேசிய இலக்கை எட்டியது. அதைத் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று வாசித்துவிட்டோம். புதிய நோயாளர் இன்னும் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், மட்டக்களப்பும் கல்முனைப் பக்கமும் அதற்கு விலக்கல்ல. வாவியின் நடுவே மாந்தீவில் ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த தொழுநோய் வைத்தியசாலையின் நினைவு இன்னும் பயமாகவே வீடுகளில் இருப்பதால், தேமல் என்று மறைப்பவர் அதிகம். இன்று யாரையும் தீவுக்கு அனுப்புவதில்லை. கூட்டு மருந்து இலவசம், வீட்டிலிருந்தே 6 அல்லது 12 மாதம், தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது.

இந்த நோயின் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். காதுமடல், முழங்கை, முழங்கால், கை கால்களின் வெளிப்புறம் மரத்துப்போக, அக்குளும் விரலிடுக்கும் தப்பும். தோலுக்கு அருகில் ஓடும் இழைகளே கெடுவதால், பாதம் முழுதும் மரத்திருந்தும் குதிகால் தெறிவினை துள்ளும், மூட்டு நிலை உணர்வும் சரியாக இருக்கும். நீரிழிவில் இதற்கு மாறாகத் தெறிவினை போய்விடும். உணர்ச்சி இல்லை, தெறிவினை இருக்கிறது என்ற சேர்க்கையைப் பார்த்ததும் கை தானாக முழங்கைக்குப் போக வேண்டும்.

நரம்பைத் தொட்டுப் பார்ப்பது பழகிய விரலுக்கு அரை நிமிட வேலை. நோயாளியின் முழங்கையைச் சற்று மடித்துத் தளர்வாகத் தாங்கிப் பிடித்து, முழங்கை முனைக்கும் உட்பக்க எலும்பு மேட்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மேல்நோக்கி நகர்த்தினால் கயிறு போல் உருளுவது சுண்டுவிரல் பக்க நரம்பு. மற்றப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இரு பக்கமும் ஒரேயளவு மெலிவாக உருண்டால் இயல்பு, ஒரு பக்கம் தடித்தோ முடிச்சோடோ அழுத்தினால் நொந்தோ இருந்தால் சந்தேகம். முகத்தை மறுபக்கம் திருப்பச் சொன்னால் கழுத்துத் தசைக்குக் குறுக்கே காதை நோக்கி ஏறும் நரம்பு கண்ணுக்கே தெரியலாம். பிறகு முழங்காலுக்கு வெளியே குச்செலும்பின் கழுத்து. தோலின் வெளிறிய அல்லது செந்நிறத் தழும்பைத் தொட்டுப் பார்க்கப் பஞ்சு நுனி போதும், கண்ணை மூடியவர் தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். மரத்த தழும்பு ஒன்றே நோயை உறுதிசெய்யும். தழும்பே இல்லாமல் நரம்பில் மட்டும் இருக்கும் தொழுநோயும் உண்டு, அதுதான் நரம்பியல் கிளினிக் வரை வந்து எல்லோரையும் ஏய்ப்பது.

சிகிச்சைக்கு இடையிலோ முடிந்த பின்போ நரம்பு திடீரென வீங்கி ஒரு வாரத்தில் கை மடங்கிப்போகலாம். கிருமி செத்த பிறகும் உடம்பின் எதிர்ப்பு நரம்பைத் தாக்குவதால் வருவது அது. பிரெட்னிசொலோன் உடனே தொடங்க வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட இழப்பு மீள வாய்ப்பு உண்டு, பழையது மீளாது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நோயாளி வீட்டில் இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய நட்டம்.

நாட்களில் ஏறும் பலவீனம்

வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, கால்கள் தளர்ந்து, அடுத்த நாள் தொடை, பிறகு கைகள் என்று இரு பக்கமும் சமமாக ஏறினால், தெறிவினைகளும் மறைந்திருந்தால், அது உடம்பின் எதிர்ப்பே புற நரம்புகளைத் தாக்கும் குலியன் பரே நோய்க்கூட்டறிகுறி. நோயாளி விறைப்பையும் முதுகு வலியையும் முதலில் சொல்வதால் நாரிப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து ஒரு நாள் போய்விடும். இதில் உயிரைப் பறிப்பது மூச்சுத் தசையின் தளர்ச்சி. ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாதவரை வாட்டில் தனியே விடக்கூடாது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி கடைசிக் கட்டம் வரை 98 காட்டிக்கொண்டே இருக்கும், அதை நம்பக்கூடாது. ஊதும் கொள்ளளவு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலீற்றருக்குக் கீழ் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு. முதுகுத் தண்டு நீரில் கலங்கள் கூடாமல் புரதம் மட்டும் கூடியிருப்பது அடையாளம் என்றாலும், முதல் வாரத்தில் அது இயல்பாக இருக்கக்கூடும். நரம்புக் கடத்தல் சோதனையும் அப்படித்தான். ஆகவே சிகிச்சை தொடங்குவது தாள்களைப் பார்த்தல்ல. இம்யூனோகுளோபியூலின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள், அல்லது பிளாஸ்மா மாற்றம்.

இதனோடு குழம்பக்கூடிய மூன்றை எமது பகுதியில் மறக்கக்கூடாது. நிலத்தில் படுத்து உறங்கியவர் அதிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் இருந்தால் எட்டடி விரியன், கட்டு விரியன் என்று சொல்லப்படும் பாம்பு. கடித்த இடம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். அந்தப் பலவீனம் இமையில் தொடங்கிக் கீழே இறங்கும், குலியன் பரே காலில் தொடங்கி மேலே ஏறும். இரண்டாவது முண்ணாண் நெரிவு. உடம்பில் ஒரு மட்டத்துக்குக் கீழ் உணர்ச்சி போய், சிறுநீர் கட்டினால் அன்றே ஸ்கான்.

மூன்றாவது பூச்சிநாசினி. ஓகனோபொஸ்பேட் வகை உட்சென்றவர் முதல் கட்டத்தில் தப்பி, 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் தளர்ந்து மூச்சு நிற்கக்கூடும். இந்த இடைக்கட்ட நிலையை நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் இலங்கை நோயாளரை வைத்தே உலகுக்கு முதலில் விவரித்தார்கள். அதையும் கடந்து வீடு சென்றவருக்கு, இரண்டு மூன்று வாரத்தில் கெண்டைக்கால் உளைந்து பாதம் தொங்கத் தொடங்குவது மூன்றாம் கட்டம். அதுதான் உண்மையான புற நரம்புப் பாதிப்பு, நீண்ட இழைகளின் நுனி அழிவது. நோயாளி அதைப் பழைய விசயத்தோடு சேர்த்துச் சொல்லமாட்டார். வெட்கப்படுவார். தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இதே வகை நஞ்சு சமையலறை வழியாகவும் வந்திருக்கிறது. 1970களின் இறுதியில் இலங்கையில் பெரியபிள்ளையான சிறுமிகள் சிலருக்குக் கால் தளர்ந்தது. வழக்கப்படி கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேட் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு 1981இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே வயது, ஒரே சந்தர்ப்பம், ஒரே உணவு என்று கேட்டுத் தொடர்ந்ததால் கிடைத்த விடை அது.

இரண்டு மாதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போகும், தொடையும் புயமும் சேர்ந்து தளரும் நாட்பட்ட வகை ஒன்று உண்டு. மயலின் உறை உரிவதால் வருவது, ஸ்டீரொயிட் உட்படச் சிகிச்சைக்கு நன்றாகப் பணியும். நீரிழிவு உள்ளவரிடம் இதைத் தவறவிடுவது மிக எளிது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்தாலே மணி அடிக்கும்.

நரம்புக் கடத்தல் சோதனை

தோலின் மேலிருந்து சிறு மின்துடிப்பால் நரம்பைத் தூண்டி, வேறோர் இடத்தில் பதிலைப் பதிவது இந்தச் சோதனை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைத்தூரம் 22 சென்றிமீற்றர், நேர வித்தியாசம் 4 மில்லிவிநாடி என்றால் வேகம் விநாடிக்கு 55 மீற்றர். கையில் 50க்கு மேலும் காலில் 40க்கு மேலும் இயல்பு. வேகம் வெகுவாகக் குறைந்தால் மயலின் உரிந்திருக்கிறது, வேகம் ஓரளவு இருந்து அலையின் உயரம் மட்டும் குறைந்தால் இழையே செத்திருக்கிறது. முதலாவதில் தீர்க்கக்கூடிய அழற்சி நோய்களும் பரம்பரை நோய்களும் அடக்கம், இரண்டாவதில் நஞ்சு, நீரிழிவு, குறைபாடுகள். பரம்பரையில் எல்லா நரம்பும் ஒரே சீராக மந்தமாகும், அழற்சியில் இடத்துக்கு இடம் மாறும்.

இந்தச் சோதனை எல்லா ஆதார வைத்தியசாலையிலும் கிடைக்காது. மட்டக்களப்புக்கோ அதற்கப்பாலோ பயணம் செய்து போவதால் வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று காலை கை காலில் எண்ணெய், கிரீம் பூசக்கூடாது, மின்முனை ஒட்டாது. வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குளிரூட்டிய அறையில் அரை மணித்தியாலம் காத்திருந்த கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் வேகம் ஏறத்தாழ 2 மீற்றர் குறையும். தோல் கையில் 32 பாகைக்கும் காலில் 30க்கும் குறைந்திருந்தால் வெந்நீரில் சூடாக்கிய பிறகே தொடங்க வேண்டும். அறிக்கையில் வெப்பநிலை எழுதப்படாமல் எல்லா நரம்பும் சற்றே மந்தம் என்று வந்தால் அதைச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். காயம்பட்ட நரம்புக்கு தசையில் ஊசி செருகிப் பார்க்கும் சோதனை இரண்டு மூன்று வாரத்துக்கு முன் செய்தால் ஒன்றும் காட்டாது.

மெல்லிய இழைகள் இந்தச் சோதனையில் தெரிவதே இல்லை. உள்ளங்கால் எரிந்து தூக்கம் கெட்டவரிடம் “சோதனையில் நரம்பு நல்லாயிருக்கு” என்று சொல்லி மனநோய்க்குத் தள்ளுவது பெரிய அநியாயம். கணுக்கால் வெளி மேட்டிலிருந்து 10 சென்றிமீற்றர் மேலே 3 மில்லிமீற்றர் அகலத்தில் தோலெடுத்து, மேற்றோலுக்குள் எத்தனை இழை என்று எண்ணுவது அதற்கான வழி. வசதி இல்லாத இடத்தில் குண்டூசி முனையாலும் குளிர்ந்த உலோகத்தாலும் சோதித்துக் கிடைக்கும் தெளிவே போதும். கெண்டைக்கால் நரம்புத் திசு எடுப்பது கடைசி, ஏனெனில் பாதத்தின் வெளியோரம் நிரந்தரமாக மரத்துப்போகும். குழாய் அழற்சி, அமிலொயிட் என்ற புரதப் படிவு, தழும்பில்லாத தொழுநோய் போன்று விடை சிகிச்சையை மாற்றும் இடங்களில் மட்டும் அது நியாயம்.

மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமான ஊர்களில் பரம்பரை வகையையும் கேட்க வேண்டும். சிறுவயதிலிருந்தே பாத வளைவு உயர்ந்து விரல் மடங்கியிருக்கும், செருப்பு சேராது, ஓட்டத்தில் பின்தங்கியிருப்பார், ஆனால் விறைப்பு என்று ஒருபோதும் முறையிட்டிருக்க மாட்டார். தாயையும் சகோதரரையும் கூட்டிவரச் சொல்லிப் பாதங்களைப் பார்த்தால் பல வேளை அங்கேயே முடியும்.

இவ்வளவும் செய்த பிறகும் நாலில் ஒருவருக்கு ஏறத்தாழக் காரணம் கிடைக்காது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது மிக மெதுவாக, பாதத்தோடு நிற்கும். விறைப்பு எந்த மட்டம் வரை என்று தோலில் பேனையால் கோடிட்டு, பெருவிரல் மூட்டிலிருந்து எத்தனை சென்றிமீற்றர் என்று கிளினிக் கொப்பியில் எழுதி, 6 மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். கோடு நகரவில்லை என்றால் புதிய சோதனை தேவையில்லை. முழங்காலைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் முந்தினாலோ, குதிகாலில் நடக்க முடியாமல் போனாலோ பழைய பெயரை அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.